கல்லின் விளிம்பும் எலும்பின் பங்கும்

தொல்பழங்காலக் கருவிகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் எந்த அருங்காட்சியகத்திற்குச் சென்றாலும், கண்ணாடிப் பெட்டியின் நடுவில், விளக்கொளி நேராக விழும் இடத்தில் பெரும்பாலும் ஒரு கைக்கோடரிதான் இருக்கும். நீர்த்துளி வடிவில், இரு பக்கமும் ஒத்து, யாரோ அழகு பார்த்துச் செதுக்கியது போலத் தோன்றும் அந்தக் கல்லைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள். அதே பெட்டியின் ஓரத்தில், எண் ஒட்டிய தட்டில் கிடக்கும் சிறு கற்செதில்களின் முன் யாரும் நிற்பதில்லை. வெட்டுவதையும் அறுப்பதையும் பற்றிப் பேசுவதானால் இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும் என்பது என் எண்ணம். மனிதக் குடும்பத்தின் முதல் கத்தி அந்தச் செதில்தான். அதற்குப் பக்கத்தில் வைக்கப்பட வேண்டியவை எலும்பும் மான்கொம்பும். அவையோ வழக்கமாக வேறொரு பெட்டியில், வேறொரு தலைப்பின் கீழ் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். கல்லின் கூர்மைக்கும் எலும்பின் உறுதிக்கும் இடையே இருந்த கொடுக்கல் வாங்கலைத் தவிர்த்துவிட்டு அக்காலக் கருவிகளைப் புரிந்துகொள்ள முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் கல்லைப் பார்ப்போம். கையில் கிடைத்த கல்லெல்லாம் கத்தியாகிவிடாது. உள்ளே அடுக்குகளோ பெரிய மணிகளோ இல்லாமல், எந்தத் திசையில் தட்டினாலும் ஒரே விதமாக உடையும் கல் வேண்டும். சக்கிமுக்கிக் கல், செர்ட், நுண்மணிக் குவார்ட்சைட், சில பசால்ட் வகைகள், இவை எல்லாவற்றுக்கும் மேலாக எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன் ஆகியவை அப்படிப்பட்டவை. இத்தகைய கல்லின் ஓரத்தில் இன்னொரு கல்லால் சரியான இடத்தில் தட்டும்போது, அடியின் விசை கூம்பு வடிவில் உள்ளே இறங்கி, பக்கவாட்டு முகத்தை ஒட்டியே ஓடி, ஒரு மெல்லிய செதிலைப் பிரித்துவிடுகிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தட்டும் தளத்துக்கும் செதில் பிரியப்போகும் முகத்துக்கும் இடையிலான கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் தட்டிய இடம் நசுங்கும், அல்லது விரிசல் உள்ளேயே நின்றுபோகும். முழு உருண்டையான கூழாங்கல்லை உடைப்பது அவ்வளவு சிரமமாக இருப்பதற்கு இதுவே காரணம். அதில் தட்டுவதற்கு ஏற்ற ஓரமே இல்லை. தடித்த கண்ணாடித் துண்டுகளை வைத்துப் பழகிப் பார்க்கும் வழக்கம் கற்கருவி ஆர்வலர்களிடையே உண்டு, நானும் பார்த்திருக்கிறேன். கையின் வலிமையால் ஆகப்போவது ஒன்றுமில்லை, கோணத்தைக் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பது சில அடிகளிலேயே விளங்கிவிடுகிறது.

செதில் ஒன்றைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், அந்த ஒற்றை அடியின் வரலாறு முழுவதும் அதில் பதிந்திருப்பதைக் காணலாம். மேல் முனையில், அடி விழுந்த இடத்தின் ஒரு சிறு துண்டு தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குச் சற்றுக் கீழே, உட்புற முகத்தில், மெல்லப் புடைத்த ஒரு குமிழ். குமிழிலிருந்து கீழ்நோக்கி வளைவு வளைவாக விரியும் மெல்லிய அலைகள். வெளிப்புற முகத்தில் இதற்கு முன் பிரிந்துபோன செதில்களின் தடங்கள், இடையிடையே கூரான முகடுகள். இயற்கையாக உருண்டு மோதி உடைந்த கல்லையும் கை உடைத்த கல்லையும் பிரித்தறிய ஆய்வாளர்கள் முதலில் தேடுவது இந்த அடையாளங்களைத்தான், அதிலும் அவை ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்பதைத்தான். இரு முகங்களும் சேருமிடத்தில் உள்ள விளிம்புக்கு எந்தச் சாணையும் தேவையில்லை. பிரிந்த கணத்திலேயே அது தன் வாழ்நாளின் மிகக் கூர்மையான நிலையில் இருக்கிறது. அதன்பின் நடப்பதெல்லாம் மழுங்குவதுதான்.

அந்தக் கூர்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், நன்றாகத் தீட்டிய எஃகு அலகின் விளிம்பு மேடுபள்ளமாகத் தெரியும் அளவுக்கு, அப்சிடியன் விளிம்பு சீராக இருக்கிறது. கல் உடைக்கும் கலையைத் தம் கைகளாலேயே மீட்டெடுத்த அமெரிக்க ஆய்வாளர் டான் கிராப்ட்ரீ, 1970களில் தமக்கு நடந்த அறுவைச் சிகிச்சையில் தாமே செய்த அப்சிடியன் அலகுகளைப் பயன்படுத்தச் செய்தார். ஆனால் கூர்மையும் உறுதியும் ஒரே பொருளில் சேர்ந்து அமைவது அரிது. கல் கடினமானது, ஆனால் வளையாது. பக்கவாட்டில் சிறிது முறுக்கினால் விளிம்பு பொடிப்பொடியாக உதிரும். எலும்பின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜன் முதலிய கரிமப் பொருள். அதனால் அது அடியை வாங்கிக்கொள்ளும், சற்று நெளியும், எளிதில் சிதறாது. ஆனால் கல்லைப்போல் கூர் பிடிக்காது. இந்த இரண்டு இயல்புகளையும் மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பல லட்சம் ஆண்டு வரலாறு ஓரளவு தானாகவே விளங்கும்.

கிடைத்தவற்றுள் மிகப் பழைய கற்கருவிகள் கென்யாவில் துர்கானா ஏரியின் மேற்கே, லோமெக்வி என்ற இடத்தில் கண்டெடுக்கப்பட்டவை. 2015இல் வெளியான ஆய்வின்படி அவற்றின் வயது சுமார் 33 லட்சம் ஆண்டுகள். அவை பெரியவை, முரட்டுத்தனமானவை. மூலக்கல்லை, அதாவது செதில் எடுக்கப்படும் கல்லை, தரையில் கிடக்கும் பாறைமீது ஓங்கி அடித்தும், பாறைமேல் வைத்து மேலிருந்து இடித்தும் உடைத்திருக்கிறார்கள். எத்தியோப்பியாவின் கோனாவில் கிடைத்த சுமார் 26 லட்சம் ஆண்டுப் பழைமையுள்ள கருவிகளில் கை தேர்ந்துவிட்டது தெரிகிறது. மீண்டும் துர்கானாவின் மேற்கே, லொக்கலலெய் என்ற இடத்தில், சுமார் 23 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உடைத்துப்போட்ட செதில்களை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக மூலக்கல்லோடு பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். கோணம் கெடாதபடி கல்லைத் திருப்பித் திருப்பி, ஒரே கல்லிலிருந்து அடுத்தடுத்துப் பல செதில்களை எடுத்திருந்தது அதில் தெரிந்தது. தற்செயலாக நடக்கக்கூடிய காரியமில்லை இது. பிரேசிலின் கபுச்சின் குரங்குகளும் கல்லால் கல்லைத் தட்டும்போது செதில்களை உண்டாக்குகின்றன என்று 2016இல் தெரியவந்தது. ஆனால் உதிர்ந்த செதில்களை அவை எடுத்துப் பயன்படுத்துவதில்லை. கான்சி என்ற போனபோ குரங்குக்கு 1990 வாக்கில் செதில் எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கூரான துண்டு கயிற்றை அறுக்கும் என்பதை அது புரிந்துகொண்டது, ஆனால் கோணம் பார்த்துத் தட்டுவதைவிடக் கல்லைத் தரையில் வீசி உடைப்பதையே விரும்பியது. விளிம்பின் பயனை அறிவது ஒன்று, வேண்டிய இடத்தில் விளிம்பை வரவழைப்பது வேறு.

இந்தச் செதில்கள் எதை அறுத்தன? இதற்கான சாட்சியும் எலும்பில்தான் இருக்கிறது. கற்செதில் எலும்பின்மேல் இழுபடும்போது, குறுக்குவெட்டில் ஆங்கில 'வி' வடிவமுள்ள நுண்ணிய கோடு விழும். அதற்குள்ளும் இன்னும் மெல்லிய இணைகோடுகள் இருக்கும். விலங்கின் பல் பதித்த தடம் அகன்று, அடிப்பகுதி உருண்டு காணப்படும். கென்யாவின் நியாயங்காவில் 30 லட்சம் முதல் 26 லட்சம் ஆண்டுகளுக்கு இடைப்பட்ட காலத்து நீர்யானை எலும்புகளில் இப்படிப்பட்ட வெட்டுத்தடங்கள் இருப்பதாக 2023இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நீர்யானையின் தடித்த தோலைப் பிளக்க நகமும் பல்லும் போதாத ஓர் உயிரினத்துக்கு ஓர் உள்ளங்கைச் செதில் என்னவெல்லாம் திறந்துவிட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. தோலைக் கிழித்து, தசைநாரை அறுத்து, மூட்டைப் பிரித்த பிறகு கையில் மிஞ்சுவது எலும்பு. மச்சைக்காக அதை உடைத்தார்கள். உடைத்ததை உடனே வீசிவிடவில்லை என்பதுதான் அடுத்த செய்தி.

கைக்கோடரிக்கு இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அதன்மேல் எனக்குப் பகை எதுவும் கிடையாது. சுமார் 17.6 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கென்யாவின் கொக்கிசெலேயில் தோன்றி, தமிழ்நாட்டின் அத்திரம்பாக்கத்தில் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே குவார்ட்சைட்டில் செய்யப்பட்டு, பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக ஏறக்குறைய அதே உருவத்தில் நீடித்த கருவி அது. கனமான உடலைத் துண்டுபோட, மரம் செதுக்க, கிழங்கு தோண்ட என எல்லாவற்றுக்கும் கைகொடுத்திருக்கும். அதோடு, போகுமிடமெல்லாம் தூக்கிச் செல்லக்கூடிய செதில் கிடங்காகவும் அது பயன்பட்டிருக்கலாம். கூர் வேண்டியபோது ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் புதிய செதிலும் கிடைக்கும், கோடரியின் விளிம்பும் புதுப்பிக்கப்படும். அதன் அழகைப் பற்றி எழுதிக் குவித்திருப்பதில் பாதியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. திரும்பத் திரும்ப இருபுறமும் கூர்தீட்டிக்கொண்டே வந்தால் ஒரு கல் தானாகவே சமச்சீரை நோக்கித்தான் போகும்.

பழைய கைக்கோடரிகளில் செதில் தடங்கள் ஆழமாகவும் விளிம்பு கோணலாகவும் இருக்கும். பிற்காலத்தவை மெலிந்து, நேரான விளிம்போடு, ஆழமில்லாத அகன்ற தடங்களோடு இருக்கின்றன. இந்த மாற்றத்துக்கு ஒரு முக்கியக் காரணம் எலும்பும் மான்கொம்பும் மரமும் சுத்தியலாக மாறியதுதான். கல்லால் தட்டும்போது விசை ஒரு புள்ளியில் குவிந்து தடித்த செதில் பிரிகிறது. எலும்பாலோ கொம்பாலோ தட்டும்போது, அது கல்லின் விளிம்பைச் சற்றே பற்றிக்கொள்கிறது, விசை பரந்து செல்கிறது, செதில் மெல்லியதாக நீண்டு பிரிகிறது. இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில் சுமார் 4,80,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு குதிரையைச் சுற்றி அமர்ந்து சக்கிமுக்கிக் கைக்கோடரிகளைச் செய்து அதை அறுத்திருக்கிறார்கள். கல் உடைத்தவரின் எதிரே உதிர்ந்த சில்லுகள் கிடந்த இடத்திலேயே கிடைத்தன. அவற்றுள் பலவற்றை மீண்டும் ஒன்றோடொன்று பொருத்தவும் முடிந்தது. அதே குதிரையின் எலும்புகள் சிலவற்றையே கருவிகளின் விளிம்பைத் திருத்தும் தட்டுகோலாகப் பயன்படுத்தியிருப்பதும் தெரியவந்திருக்கிறது. கல் குதிரையைத் திறந்தது, குதிரையின் எலும்பு கல்லைத் தீட்டியது. இதைவிடத் தெளிவாக இந்த உறவைக் காட்டும் இடம் வேறு எனக்குத் தெரியாது.

இத்தகைய எலும்புத் தட்டுகோல்கள், அழிந்துபோன மனித இனமான நியண்டர்தால் மனிதர்களின் குகைகளில் ஏராளமாகக் கிடைக்கின்றன. பார்ப்பதற்கு உடைந்த நீள் எலும்பின் ஒரு துண்டு, அவ்வளவுதான். ஆனால் நடுவில் ஒரு சிறு பகுதியில் குறுக்காக நெருக்கமான வெட்டுகளும் குழிகளும் இருக்கும். சிலவற்றில் சக்கிமுக்கியின் மணல்போன்ற துகள்கள் இன்னும் பதிந்திருக்கும். உலர்ந்த எலும்பைவிடப் புதிய எலும்பே இதற்கு உகந்தது, ஏனெனில் அதன் மேற்பரப்பு கல்லின் விளிம்பைக் கவ்வும். பல காலம் இவை சமையல் கழிவு என்றே மூட்டையில் கட்டப்பட்டன என்பது வியப்பில்லை.

எலும்பே வெட்டும் கருவியாக இருந்ததில்லையா என்று கேட்கலாம். இருந்தது, அதுவும் எதிர்பார்த்ததைவிட மிகப் பழைய காலத்தில். தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழைமையுள்ள 27 எலும்புக் கருவிகள் கிடைத்திருப்பதாக 2025இல் அறிவிக்கப்பட்டது. பெரும்பாலும் யானை, நீர்யானைகளின் தடித்த கால் எலும்புகள்; அவற்றைக் கல்லைச் செதில் எடுப்பது போலவே ஓரங்களில் தட்டித் தட்டி வடிவமைத்திருக்கிறார்கள். எத்தியோப்பியாவின் கொன்சோவில் நீர்யானையின் தொடையெலும்பில் செய்த ஒரு கைக்கோடரி சுமார் 14 லட்சம் ஆண்டுகள் பழையது. இத்தாலியின் காஸ்தெல் தி குய்தோவில் சுமார் 4,00,000 ஆண்டுகளுக்கு முன் யானை எலும்பில் செய்த கருவிகள் ஏறத்தாழ நூறு கிடைத்தன. அங்கே பெரிய அளவிலான நல்ல சக்கிமுக்கிக் கட்டிகள் அரிது, ஆனால் யானை எலும்புக்குப் பஞ்சமில்லை. இவற்றில் என்னைக் கவர்வது, கல்லில் கற்ற பாடத்தை அவர்கள் வேறொரு பொருளுக்கு மாற்றிப் பார்த்தார்கள் என்பதுதான். ஆயினும் எலும்பின் விளிம்பு மென்மையான தசையையும் தோலையும் ஓரளவுதான் சமாளிக்கும். கனமான உடைப்புக்கும் பிளப்புக்கும் அது பொருந்தும், நுட்பமான அறுப்புக்குப் பொருந்தாது.

எலும்பை எலும்பாகவே நடத்தக் கற்றது மிகவும் பிற்பட்ட காலத்தில். தட்டுவதை விட்டுவிட்டு, சுரண்டி, தேய்த்து, வழவழப்பாக்கத் தொடங்கினார்கள். தென்னாப்பிரிக்காவின் புளொம்போஸ் குகையில் சுமார் 75,000 ஆண்டுகளுக்கு முந்தைய எலும்புக் குத்தூசிகள் கிடைத்தன. பிரான்சில் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் நியண்டர்தால்கள் மான் விலா எலும்பின் முனையை உருட்டித் தோல் பதப்படுத்தும் தேய்ப்பானாகப் பயன்படுத்தினர். சைபீரியாவில் காதுள்ள ஊசிகள் ஏறக்குறைய 40,000 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டன. இவையெல்லாம் குத்துபவை, தேய்ப்பவை, அறுப்பவை அல்ல. ஆனால் ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் அறுக்கும் கல் நிற்கிறது. மான்கொம்பிலிருந்து ஒரு நீண்ட சலாகையைப் பிரித்தெடுக்க, செதுக்குளி எனப்படும் உளிமுனைக் கல்லால் இரண்டு இணையான பள்ளங்களை உள்ளிருக்கும் பஞ்சுப் பகுதி தெரியும்வரை கீறி, இடைப்பட்ட பகுதியை நெம்பி எடுத்திருக்கிறார்கள். ஊசியின் காதைத் துளைத்ததும் கல்முனைதான்.

கல் அலகுகளும் இதற்கிடையில் மெலிந்துகொண்டே வந்தன. மூலக்கல்லை முன்கூட்டியே வடிவமைத்து, விரும்பிய உருவத்தில் ஒரே செதிலைப் பெறும் லெவல்லுவா முறை, பின்னர் நீண்ட இணைவிளிம்பு அலகுகள், அதற்கும் பின்னர் விரல்நகம் அளவிலான நுண்கற்கருவிகள். தென்னாப்பிரிக்காவின் பின்னக்கிள் பாயிண்டில் சுமார் 1,64,000 ஆண்டுகளுக்கு முன்பே சில்கிரீட் கல்லை நெருப்பில் பக்குவமாகச் சூடாக்கி உடைப்புத் தன்மையை மேம்படுத்தியிருக்கிறார்கள். புளொம்போஸில் அப்படிச் சூடாக்கிய கல்லின் விளிம்பைத் தட்டாமல், கூரான முனையால் அழுத்தி நுண்செதில்களை உதிர்த்துத் தீட்டியிருக்கிறார்கள். இந்த அழுத்தும் வேலைக்கு எலும்பையும் கொம்பையும் விஞ்சிய பொருள் உலோகம் வரும்வரை கிடைக்கவில்லை.

விரல்நகம் அளவுள்ள கல்லைக் கையில் பிடித்து அறுக்க முடியாது. அதற்கு ஒரு பிடி வேண்டும், பிடியில் நிற்கப் பசையும் வேண்டும். இத்தாலியின் காம்பித்தெல்லோவில் சுமார் 2,00,000 ஆண்டுகளுக்கு முன்பே பிர்ச் மரப்பட்டையிலிருந்து வடித்த கீல் கற்செதில்களில் ஒட்டியிருக்கிறது. இந்தக் கூட்டுக் கருவிகளுள் எனக்கு மிகவும் பிடித்தது மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையான லெவண்ட் பகுதியின் நத்தூபிய மக்கள் 15,000 முதல் 11,500 ஆண்டுகளுக்கு முன் செய்த அரிவாள். நீண்ட எலும்பின் ஓரத்தில் முழு நீளத்துக்கும் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் சிறு சக்கிமுக்கி அலகுகள் ஒன்றையடுத்து ஒன்றாகப் பதிக்கப்பட்டு ஒரே வெட்டுவிளிம்பாக நிற்கும். கெபாரா குகையில் கிடைத்தவற்றில் கைப்பிடி முனை விலங்கின் தலையாகவே செதுக்கப்பட்டிருக்கிறது. ஓர் அலகு உடைந்தால் அதை மட்டும் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகலாம். வெட்டும் வேலை கல்லுக்கு, தாங்கும் வேலை எலும்புக்கு என்று இவ்வளவு கச்சிதமாகப் பிரித்துக் கொடுத்த கருவியை அதற்கு முன் நான் எங்கும் கண்டதில்லை.

அந்த அலகுகள் புல்லை அறுத்தனவா, நாணலையா, தோலையா என்பதை எப்படிச் சொல்கிறார்கள்? சோவியத் ஆய்வாளர் செர்கேய் செமியோனோவ், 1957இல் வெளியிட்ட தம் ஆய்வில், கருவியின் உருவத்தை விட்டுவிட்டு அதன் விளிம்பில் உள்ள தேய்மானத்தை நுண்ணோக்கியில் படிக்கும் முறையை நிலைநாட்டினார். சிலிக்கா நிறைந்த தாவரத் தண்டுகளை அறுத்த விளிம்பில் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு ஒரு பளபளப்பு ஏறும். உலர்ந்த தோலைச் சுரண்டிய விளிம்பு மங்கி உருளும். எலும்பை அறுத்தது சிறு சிறு சில்லுகளாக உதிர்ந்திருக்கும். இந்த முறை வந்த பிறகு, சுரண்டி என்று பெயரிட்டு வைத்திருந்த பல கருவிகள் அறுத்தவை என்றும், எந்தத் திருத்தமும் செய்யாத சாதாரணச் செதில்கள் பல கத்தியாக உழைத்தவை என்றும் தெரியவந்தது. உருவத்தைப் பார்த்துப் பெயர் வைக்கும் பழக்கம் எவ்வளவு தூரம் நம்மைத் திசைதிருப்பியிருக்கிறது என்பதற்கு இது போதும்.

செம்பு வந்தவுடன் கல் ஓய்வு பெற்றுவிட்டது என்பதும் அப்படிப்பட்ட எண்ணம்தான். 1991இல் ஆல்ப்ஸ் மலையின் பனியில் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஓட்சி என்ற மனிதரிடம் நல்ல செப்புக் கோடரி ஒன்று இருந்தது. ஆனால் அவர் இடுப்பில் இருந்தது ஆஷ் மரப்பிடி போட்ட சக்கிமுக்கிக் குறுவாள். அதோடு, பென்சில் போன்ற ஒரு கருவியும் இருந்தது: பட்டை நீக்கிய லிண்டன் மரக் கிளையின் நடுவே, தீயில் கடினமாக்கிய ஒரு மான்கொம்புச் சலாகை, முனை மட்டும் வெளியே தெரியும்படி செருகப்பட்டிருந்தது. கொம்பு தேய்ந்தால் பென்சிலைச் சீவுவதுபோல் மரத்தைச் சீவிக்கொள்ளலாம். சக்கிமுக்கியின் விளிம்பை அழுத்தித் தீட்டுவதற்காக அவர் கூடவே கொண்டுசென்ற கருவி அது. அவருடைய கல் கருவிகள் பலமுறை தீட்டித் தீட்டிச் சிறுத்துப்போனவை. குறுவாளின் நுனி ஒடிந்திருந்தது. மரத்தை வெட்டச் செம்பு உதவியது, ஆனால் தோலையும் இறைச்சியையும் அறுக்க மென்மையான செப்பு விளிம்பைவிடக் கல்லே மேல் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எஃகு வந்த பிறகும் ஓரிரு வேலைகளில் கல் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. சைப்ரசிலும் துருக்கியிலும் 20ஆம் நூற்றாண்டு வரை, போரடிக்கும் பலகைகளின் அடிப்பக்கத்தில் சக்கிமுக்கிச் செதில்களை வரிசையாகப் பதித்து, மாடுகளைப் பூட்டிக் கதிர்மேல் இழுத்திருக்கிறார்கள். உதிர்ந்த கல்லுக்குப் பதில் புதிய கல்லை அடித்து இறக்கி, அதே பலகையை மறுபடி களத்துக்குக் கொண்டுவந்தார்கள்.